பத்து மாதம் என்பது உண்மையில் ஒரு மாதம்தான்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் துறையின் சார்பில் இன்னும் 10 மாதங்களில் மூன்று நாள் பன்னாட்டு மாநாடு ஒன்றை நடத்துவதென்று முடிவாகி, ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. 250 பேராளர்கள் வருவார்கள், அவர்களுள் 60 பேர் வெளிநாட்டினராக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். 180 கட்டுரைகளாவது வாசிக்கப்பட வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். வளாகத்தில் நடத்துவதைவிட வெளியே ஒரு நட்சத்திர விடுதியில் நடத்தினால் தொல்லை குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். இப்படியொன்றை நான் நடத்தியதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை திரும்பிப் படித்த இடம் "இன்னும் 10 மாதங்களில்" என்பது. கேட்பதற்கு அது நீண்ட காலமாகத் தோன்றும். உங்கள் துறையிலும் பலர் "அதற்குள் என்ன அவசரம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுப் பேராளர் ஒருவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் உங்கள் அழைப்புக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். தூதரகத்தில் நாள் கிடைப்பதற்கும், பரிசீலனைக்கும், அதன் பிறகு விமானச் சீட்டு வாங்குவதற்கும் சேர்த்து அந்தக் கடிதம் மாநாட்டுக்கு 4 மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். கடிதம் அனுப்புவதற்கு அவருடைய கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், கட்டுரைத் தேர்வின் முடிவுகள் நாலரை மாதம் முன்பே வெளியாக வேண்டும். மதிப்பீட்டாளர்களுக்கு 6 வாரம் கொடுத்தால், ஆய்வுச் சுருக்கங்களைப் பெறும் கடைசி நாள் 6 மாதம் முன்பு வருகிறது. கட்டுரை அழைப்பு 3 மாதமாவது பலர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று கொண்டால், அழைப்பு வெளியாக வேண்டிய நாள் மாநாட்டுக்கு 9 மாதம் முன்பு. ஆகவே நாள், இடம், பொருள், சிறப்புரையாளர் ஆகியவற்றை முடிவு செய்ய உங்களிடம் இருப்பது 10 மாதம் அல்ல, ஒரே ஒரு மாதம். அந்த மாதமும் இந்தக் கடிதம் உங்களை வந்தடைவதற்குள் சற்றுக் கரைந்திருக்கும்.

இந்த ஒரு மாதத்தில் முதலில் செய்ய வேண்டியது பதிவாளர் அலுவலகத்துக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நேரில் சென்று, நீங்கள் நினைத்திருக்கும் மூன்று நாள்களில் வளாகத்தில் வேறு என்ன நடக்கிறது என்று கேட்பது. தேர்வு, மாணவர் சேர்க்கை, பட்டமளிப்பு, வேறொரு துறையின் நிகழ்ச்சி ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் உங்களுக்கு அறையோ விடுதியோ ஆளோ கிடைக்காது. அரங்கத்தை வாய்மொழியாகக் கேட்டுச் "சரி" என்று பெற்ற பதிலை நம்ப வேண்டாம். கோப்பு எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் புலத்தின் பெரிய பன்னாட்டு மாநாடுகள் எந்த வாரத்தில் நடக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். அதே வாரத்தில் வைத்தால் நீங்கள் விரும்பும் சிறப்புரையாளர் அங்கேதான் இருப்பார்.

இனி அந்த 180 கட்டுரைகள். நிர்வாகத்திடம் விருப்பத்தைப் பற்றி வாதிடாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். ஒரு கட்டுரைக்கு வாசிக்க 15 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம் என்று 20 நிமிடம் வைத்தால் 180 கட்டுரைகளுக்கு 60 மணி நேரம் ஆகிறது. காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை எட்டரை மணி நேரம். அதில் மதிய இடைவேளைக்கு ஒரு மணியும், தேநீர் இடைவேளைகள் இரண்டுக்கு ஒரு மணியும், நாளுக்கு இரண்டு சிறப்புரைகளுக்கு இரண்டு மணியும் போனால் மிஞ்சுவது நாலரை மணி. மூன்று நாளுக்குப் பதின்மூன்றரை; தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் ஆளுக்கொரு மணியை எடுத்தால் பதினொன்றரை. 60 மணி நேரத்தை அதற்குள் அடக்க 6 அறைகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 250 பேரில் சிலர் நடைகூடத்திலும் சிலர் அறையிலும் சிலர் ஊர் பார்க்கவும் போயிருக்க, ஆய்வாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, அமர்வுத் தலைவரையும் அடுத்து வாசிக்கப் போகிறவர்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் வாசிப்பார். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாசிப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது.

மூன்று அறைகளோடு நிறுத்திக்கொண்டால் முப்பத்து நாலரை மணி நேரம் கிடைக்கிறது; அதில் 100 கட்டுரைகள் நெருக்கமின்றி அடங்கும். மீதி 80-ஐத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, அருகில் நின்று விளக்கும் சுவரொட்டி அமர்வாக இரண்டு மாலைகளில் நாற்பது நாற்பதாகப் பிரித்து வையுங்கள். ஏ0 அளவுத் தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இருபுறமும் ஒட்டக்கூடிய 20 பலகைகள் இருந்தால் போதும். பலகை நெடுவாட்டில் நிற்குமா படுக்கைவாட்டில் நிற்குமா என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒருமுறை நாங்கள் எழுதத் தவறியதால் பாதிப் பேர் படுக்கைவாட்டில் அச்சிட்டுக் கொண்டுவந்து, பலகையின் இருபுறமும் தாள் இறக்கை போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று அறைகளிலும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும். வாசிக்க வேண்டியவர் வரவில்லையென்றால் அந்த 20 நிமிடத்தைக் காலியாக விடுங்கள். அடுத்தவரை முன்னால் இழுக்கும் அமர்வுத் தலைவர், அவரைக் கேட்பதற்காக வேறு அறையிலிருந்து சரியான நேரத்துக்கு வருகிறவரை ஏமாற்றுகிறார். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்படுகிறவரை அமர்வுத் தலைவராகப் போடாதீர்கள். அவர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் சரி. 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் கூடிய பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாட்டில், 23 கணக்குகளை எழுதி வைத்திருந்த டேவிட் ஹில்பர்ட் மேடையில் 10 கணக்குகளை மட்டுமே எடுத்துச் சொன்னார். மற்றவை அச்சில் வந்தன. உரைக்கான தலைப்பையும் அவர் தாமதமாகத்தான் கொடுத்தார் என்பதை, உங்கள் பேராளர்கள் கெடுவைத் தவறவிடும்போது ஆறுதலுக்காக நினைத்துக்கொள்ளலாம்.

கெடு என்று சொன்னதால் ஒன்று. "மாதக் கடைசி நாள் வரை" என்று மட்டும் எழுதினால் எந்த நாட்டின் நள்ளிரவு என்று 30 மின்னஞ்சல்களாவது வரும். பூமியில் எந்த மூலையிலேனும் அந்தத் தேதி இருக்கும் வரை பெறுவோம் என்று குறிப்பிடும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. அது உலகப் பொது நேரத்துக்கு 12 மணி பின்தங்கிய நேர வலயத்தைக் கணக்கில் கொள்வது. அப்படியே எழுதிவிட்டால் யாருக்கும் குறையிராது. மதிப்பீட்டாளர் எண்ணிக்கையையும் இப்போதே போட்டுப் பாருங்கள்: 240 சுருக்கங்கள் வந்து, ஒவ்வொன்றையும் இருவர் படிக்க வேண்டும் என்றால் 480 மதிப்பீடுகள், ஒருவருக்கு 12 வீதம் 40 பேர் தேவை. உங்கள் துறையில் 40 பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே மதிப்பீட்டுக் குழுவில் வெளிநாட்டினர் இருந்தே ஆக வேண்டும். சொல்லப்போனால் ஒரு மாநாட்டைப் பன்னாட்டு மாநாடு ஆக்குவது வாசலில் பறக்கும் கொடிகளைவிட அந்தக் குழுதான்.

விசாவுக்கான அழைப்புக் கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாநாடுகள் அதிகம் சறுக்கும் இடம் அதுவே. "தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற பாங்கில் எழுதப்பட்ட அழகான கடிதம் விசா அதிகாரிக்குப் பயன்படாது. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், அவர் பணிபுரியும் நிறுவனம், வாசிக்கப் போகும் கட்டுரையின் தலைப்பு, மாநாட்டுத் தேதிகள், எங்கே தங்குவார், பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையவை, உங்கள் பக்கத்தில் விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பெயர் விஷயத்தில் கவனம் தேவை. கட்டுரையில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு வரிசையும் உள்ளவர்கள் பலர். குடும்பப் பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்டவர்களும் உண்டு. நான் பொறுப்பேற்ற ஒரு மாநாட்டில், நாங்கள் கட்டுரையிலிருந்து பெயரை எடுத்து எழுதியதால் ஓர் ஆய்வு மாணவியின் விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்திய கடிதம் அனுப்பி, அவர் மறுபடி நாள் வாங்கி, விசா கிடைத்தபோது மாநாட்டின் இரண்டாம் நாள். அவர் தமது கட்டுரையைத் தமது அறையிலிருந்து இணையவழியில் வாசித்தார். அன்றிலிருந்து கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் எந்தக் கடிதத்திலும் நான் கையெழுத்திடுவதில்லை. பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்பதால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதே காலாவதித் தேதியையும் பார்த்து எச்சரிக்கலாம். உங்கள் நாட்டில் மாநாட்டுக்கென்று தனி அனுமதியோ தனி வகை விசாவோ வேண்டுமா என்பதை இந்த மாதமே உரிய அமைச்சகத்தின் விதிகளில் படித்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

வளாகமா விடுதியா என்ற கேள்விக்கு வருகிறேன். விடுதியில் நடத்தினால் தொல்லை குறையும் என்பது உண்மை. ஆயினும் வளாகத்தில் நடத்துங்கள் என்பதே என் கருத்து. உங்கள் மாணவர்கள் காசு கொடுக்காமல் பின்வரிசையில் வந்து அமர முடிவது வளாகத்தில்தான். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் உங்கள் ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு "இந்தத் தரவை எப்படி எடுத்தீர்கள்" என்று கேட்பதும் அங்கேதான். அந்த ஒரு கேள்வியிலிருந்து கூட்டாய்வு பிறந்ததை நான் கண்டிருக்கிறேன். விடுதிக் கூடத்தில் கண்டதில்லை.

ஆனால் வளாகம் காலி மண்டபம் அன்று. அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. உங்கள் மாநாடு அதற்குள் விருந்தாளியாகத்தான் நுழைகிறது. வகுப்பு மணி ஒலிக்கும். சிறப்புரையின் நடுவில் ஒலிக்கும். மூன்று நாளும் அந்தக் கட்டட மணியை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். மாலை 6 மணிக்கு விளக்குகளை அணைத்துப் பூட்டிவிட்டுப் போவது காவலரின் வழக்கமாக இருக்கும். சுவரொட்டி அமர்வு அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். எங்கள் விருந்தினர் ஒருவர் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வந்திறங்கி, வாயில் காவலரிடம் பெயர்ப் பட்டியல் இல்லாத காரணத்தால் ஒரு மணி நேரம் தம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். காவலர் செய்தது தவறில்லை. பட்டியலைத் துணைவேந்தர் அலுவலகம் முதல் விருந்தினர் இல்லம் வரை எல்லோருக்கும் கொடுத்த நாங்கள், வாயிலுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வந்திறங்கும் நேரம், பெயர், அறை எண், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை கொண்ட ஒற்றைத் தாள் முதலில் வாயிலுக்குப் போக வேண்டும், இரவுப் பணிக்கு வருகிறவருக்கும் சேர்த்து.

இணைய இணைப்புக்கு உங்கள் பல்கலைக்கழகம் எடுரோம் கட்டமைப்பில் இருக்கிறதா என்று கணினி மையத்தில் கேளுங்கள். 2003-இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் இந்த ஏற்பாட்டில், பேராளர் தமது சொந்தப் பல்கலைக்கழகத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே உங்கள் வளாக வைஃபையில் இணைந்துவிடலாம். அது இல்லையென்றால் விருந்தினர் கணக்குகளை முன்பே உருவாக்கி, அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டிக் கொடுங்கள். அடையாள அட்டையில் பெயரை இருபுறமும் அச்சிட வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும். கணக்கு விவரம் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தால் போதும். அறைக் கணினியிலேயே எல்லாக் கோப்புகளையும் முதல் நாள் மாலையில் ஏற்றிவிட்டால் ஆளுக்கொரு லேப்டாப்பைப் பொருத்திக் கழற்றும் நேரம் மிச்சமாகும். இரண்டு மொழிகளில் நடத்துவதாயிருந்து உடனடி மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பாளர்கள் அரை மணிக்கொரு முறை மாறிக்கொள்ளும் வேலை அது என்பதால் ஒரு மொழி இணைக்கு இருவராவது தேவை. தெரிந்த ஆசிரியர் ஒருவரை நாள் முழுதும் உட்கார வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பணத்தில் இரண்டே செய்திகள். பதிவுக் கட்டணத்தை எல்லா நாட்டினருக்கும் ஒன்றாக வைத்தால் யார் வர முடியாது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. உலக வங்கி நாடுகளைத் தனிநபர் வருமான அடிப்படையில் நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. பல ஆய்வுச் சங்கங்கள் அதையே கட்டணத்துக்கும் அளவுகோலாகக் கொள்கின்றன, நீங்களும் கொள்ளலாம். இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இடையிலுள்ள வங்கிகளின் கழிவு போகக் குறைந்தே வரும். பல நேரம் அனுப்பியவரின் பெயரே இல்லாமல் வரும். பதிவு எண்ணைப் பணக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குறைந்து வந்த சிறு தொகைக்காகப் பேராளரைப் பதிவு மேசையில் நிறுத்தி வைக்காதீர்கள்.

சிறப்புரையாளர்களின் பெயர்களை வெளியிட்ட சில வாரங்களில், "மாநாட்டின் அதிகாரபூர்வத் தங்குமிட முகவர்" என்று சொல்லிக்கொண்டு யாரோ அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். இந்த மோசடி உலகெங்கும் மாநாடுகளைச் சுற்றி நடப்பது. நாங்கள் எந்த முகவரையும் அமர்த்தவில்லை, இந்த ஒரு முகவரியிலிருந்து மட்டுமே எழுதுவோம் என்று உங்கள் முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்காக என்பதை நிகழ்ச்சி நிரல் எழுதும்போது மறந்துவிடுவோம். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் சுமார் 140 வேதியியலர்கள் மூன்று நாள் கூடினார்கள். அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் கார்ல் வெல்ட்சியன், இன்றைக்கு நீங்கள் செய்யும் இந்த வேலையைத்தான் செய்தார். அணு, மூலக்கூறு ஆகியவற்றின் வரையறை பற்றி அமர்வுகளில் முடிவொன்றும் எட்டப்படவில்லை. கலைந்து போகும் வேளையில் இத்தாலிய வேதியியலர் கன்னிஸ்ஸாரோ அணு எடைகளைப் பற்றி எழுதிய ஒரு சிறு வெளியீட்டின் படிகளை அவருடைய நண்பர் பவேசி வந்திருந்தவர்களின் கையில் கொடுத்தார். திரும்பும் வழியில் அதைப் படித்த ஜெர்மன் வேதியியலர் லோதர் மேயருக்கு அதுவரை இருந்த ஐயங்கள் நீங்கின. பின்னாளில் தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்தான். தனிம அட்டவணையின் கதையில் அந்த மாநாட்டுக்கு இடம் கிடைத்தது நிரலில் இல்லாத அந்த அரை மணி நேரத்தால்.

ஆகவே இடைவேளையைக் குறைத்துக் கட்டுரையைச் சேர்க்காதீர்கள். 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்டன் ஆய்வு மாநாடுகள் காலையிலும் இரவிலும் அமர்வுகளை வைத்து, பிற்பகலின் பெரும்பகுதியைப் பேச்சுக்கும் நடைக்கும் விட்டுவிடுகின்றன. ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு நிலையத்தில் உணவு வேளைகளில் பெயரிட்ட கைத்துணி உறைகளைப் பணியாளர்கள் மேசைகளில் மாற்றி மாற்றி வைப்பதால், யாரும் தம் ஊர்க்காரர்களோடு மட்டும் சேர்ந்து உட்கார முடியாது. 250 பேருக்கு இதைச் செய்வது கடினம். ஆனால் ஒரே ஒரு வேளையாவது, வெளிநாட்டவர் ஒருவரும் உங்கள் ஆய்வு மாணவர் இருவரும் ஒவ்வொரு மேசையிலும் இருக்கும்படி பெயரட்டை வைத்துப் பாருங்கள். மாணவர்கள் முதல் ஐந்து நிமிடம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு சரியாகிவிடும்.

தொடக்க விழாவுக்கு நான் ஒரு மணி நேரம்தான் ஒதுக்கினேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் நான்கு நாற்காலிகளுக்கு மேல் போட்டால் அந்த ஒரு மணி போதாது. நாற்காலியில் அமர்ந்த எவரும் பேசாமல் இறங்குவதில்லை. நிர்வாகத்திடம் இதைச் சொல்வது உங்கள் நிலையில் எளிதன்று என்று எனக்குத் தெரியும். முதல் சிறப்புரையாளர் 10.15-க்கு இணையவழியிலும் ஒளிபரப்பாகிறார், அந்த நேரம் வெளிநாடுகளுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது எடுபடும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பிற்பகலில் அரங்கம் பாதியாகிவிடும். விமான நேரத்தை மீறி யாரையும் இருத்திவைக்க முடியாது. நிறைவு விழாவை அன்று மதியத்துக்கு முன்பே வைத்து, சான்றிதழ்களை முதல் நாள் பதிவு மேசையிலேயே கொடுக்காமல் இரண்டாம் நாள் மாலை கொடுங்கள். மூன்றாம் நாள் காலை எல்லோரும் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடுதான் வருவார்கள் என்பதால், அரங்கத்துக்குப் பக்கத்தில் பூட்டக்கூடிய ஓர் அறையை அதற்கென ஒதுக்கி, சாவி எந்த மாணவரிடம் இருக்கிறது, அவருடைய எண் என்ன என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிடுங்கள்.